பேய்ப்பீர்க்கு

தாவரத் தோட்டத்தின் வாசலில் காவலாள் பையைத் திறக்கச் சொன்னதும் அஞ்சலாட்சி மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பைக்குள் தண்ணீர் பாட்டில், முகம் துடைக்க ஒரு துண்டு, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. "சாப்பாடு உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா" என்றான். "சுகர் இருக்குப்பா. மயக்கம் வந்தா வாயில போட்டுக்க ரெண்டு இட்லி." மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் டப்பாவைக் கையில் எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டான். ஆட்டாதேடா பாவி என்று அவளுக்குள்ளே ஒருத்தி கத்தினாள், வெளியே இருந்தவள் தலையைக் குனிந்து சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். டப்பாவில் இட்லி இல்லை. நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியும் துணிக்குள் ஐந்து மொட்டுகளும் இருந்தன, ஐந்தும் ஆண், மூன்று மணிக்கு அவள் வீட்டு வேலியிலிருந்து காம்போடு கிள்ளியவை. பேய்ப்பீர்க்கு. நல்ல பீர்க்கம்பூவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பட்டணத்துக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அதே மஞ்சள், அதே ஐந்து இதழ், இது கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான், காய்தான் வாயில் வைக்க முடியாத கசப்பு. பூசணியும் பறங்கியும் விடியற்காலையில் பூக்கும், பீர்க்கு மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வாய் திறக்கும். திறந்ததும் இதில் ஒன்றை எடுத்து நல்ல பீர்க்கின் பெண்பூவில் ஒரு தேய் தேய்த்தால் போதும். இந்த வருஷம் ஒன்றும் தெரியாது. காய் நல்ல காயாகவே வரும், தின்றால் இனிக்கும். கசப்பு விதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த வருஷத்துக்காகக் காத்திருக்கும். காத்திருப்பது அவளுக்கும் தெரியும். ஆறு வருஷம் காத்திருந்தவள்தானே.

பதினோரு வருஷம் இதே வாசலில் சீட்டு இல்லாமல் நுழைந்திருக்கிறாள். அப்போது இந்தக் கண்ணாடி அறையும் கிடையாது, காவலாளுக்குச் சட்டையில் பெயரும் கிடையாது. பட்டணத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் குறைவு, வந்தாலும் கற்றாழைக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அல்லிக் குளத்தின் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பின்னால் இருக்கும் பண்ணைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து இருபது பேர், குழந்தைகள் வேறு. யாமினி என்று ஒரு பெண் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறாள், முப்பது வயதிருக்கும், பச்சைச் சட்டை, கழுத்தில் அட்டை, காது வரைக்கும் சிரிப்பு. "எல்லாரும் என் பின்னாடியே வாங்க, செடிங்களைத் தொடாம பாருங்க, அதுங்களுக்குக் கூச்சம்" என்றாள். குழந்தைகள் சிரித்தன. அஞ்சலாட்சி கடைசியில் நடந்தாள். காலுக்கு வழி தெரிந்திருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் யோசிப்பதற்கு முன்னாலேயே கால் இடது பக்கம் திரும்பியது, தண்ணீர்க் குழாய் தடுக்குமிடத்தில் தானாகவே தூக்கி வைத்தது. உனக்கு மட்டும் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று காலைத் திட்டினாள். பெரணி வளர்க்கும் நிழல்வலைக் கொட்டகைக்குள் போனதும் அந்த வாடை வந்தது, ஈரத் தேங்காய் நார், மக்கிய இலை, குளிர்ந்த மண். மனசு ஒரு நிமிஷம் இளகியது. இளகக் கூடாது. இளகினால், கோபம் திரும்பி வர ஏகாம்பரம் சொன்னதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவள் வீட்டுக்காரன் கொத்து வேலைக்காரன், கெட்டவன் இல்லை, ஆனால் ஒருநாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "இன்னா அஞ்சல, இதுலயும் பேய்ப்பீர்க்கு கலந்துட்டியா" என்று சிரித்தான். சும்மா சிரித்தான். தெருவில் எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். குழாயடியில் அவளுக்கு அதுதான் பெயர், பேய்ப்பீர்க்கு வருது பாரு, பேய்ப்பீர்க்கு குடத்தை நகர்த்து. சாம்பார்ச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சுற்று வட்டாரத்தில் எந்த நர்சரியும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை, "ஓ, அந்தப் பண்ணையில..." என்று இழுத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்க்கிறாள். பெண்பூவின் சூல்முடியை நகத்தால்கூடக் கீறாமல் பிடித்த விரல்கள் அவை, இப்போது இரும்பு நாரைப் பிடித்துப் பிடித்து நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கின்றன.

எப்படி நடந்தது என்பதை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை நிறுத்திப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் போய் மாட்டிக்கொள்ளும். கருவரிப் பீர்க்கு என்று பழைய ரகம் ஒன்று, அதைக் கலப்பில்லாமல் காப்பாற்றுவதுதான் அவள் வேலை. மறுநாள் பூக்கப்போகிற மொட்டுகளை முதல் நாளே பார்த்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக எண்ணெய்த்தாள் உறை மாட்டிக் கிளிப் போடவேண்டும். மறுநாள் சாயங்காலம் பெண்பூவின் உறையைக் கழற்றி, உறையிலிருந்த ஆண்பூவை எடுத்து அதில் தேய்த்து, ஈ எறும்பு வருவதற்குள் மறுபடி மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்டவேண்டும். சிவப்பு நூல் கட்டிய காய்தான் விதைக்கு. பதினோரு வருஷத்தில் அவள் ஒரு பூவைக்கூட விட்டதில்லை. ஒரே ஒருநாள் மகளுக்கு டைபாய்டு என்று மத்தியானமே கிளம்பினாள், எல்லாவற்றுக்கும் உறை போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள், சாயங்கால வேலையைப் பூங்காவனம் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள். பூங்காவனம் கூட வேலை செய்கிறவள், அவளைவிடப் பத்து வயது மூத்தவள், தினமும் ஒரே பாத்திரத்தில் இருவரும் கை போட்டுத் தின்றவர்கள். அடுத்த வருஷம் அந்த விதையிலிருந்து வந்த காயை விருந்தாளிகளுக்குக் கூட்டு வைத்துப் போட்டார்கள். முதல் வாயிலேயே ஒருவர் தட்டைத் தள்ளினார், இன்னொருவர் வெளியே ஓடினார். குணசீலன் சார்தான் இந்தப் பண்ணைக்கும் தோட்டத்துக்கும் பெரியவர், எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார். எல்லோரையும் கொட்டகையில் நிற்க வைத்து, பதிவேட்டைப் பிரித்து, "போன வருஷம் பதினெட்டாம் தேதி யாரும்மா ட்யூட்டி? அஞ்சலாட்சின்னு எழுதியிருக்கு. உறையைப் போட மறந்துட்டு வீட்டுக்கு ஓடியிருக்கீங்க" என்றார். "போட்டுட்டுத்தான் சார் போனேன்." "அப்ப கசப்பு எங்கிருந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா?" யாரோ சிரித்தார்கள். அவள் பூங்காவனத்தைப் பார்த்தாள். சொல்லுக்கா, நான் போட்டுட்டுத்தான் போனேன்னு சொல்லுக்கா. பூங்காவனம் கையில் நூல்கண்டை வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். அந்த இடம்தான். நினைப்பு அதற்கு மேல் நகராது. நூல்கண்டு, அதைப் பிடித்த கை, கீழே பார்த்த தலை, வகிட்டில் நரைத்த முடி.

அப்போதுகூடப் பூங்காவனம் பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள். ஐந்து வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், மனசில் ஒரு மூலையில் மன்னித்தும் வைத்திருந்தாள், அந்த மன்னிப்பை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது. போன வருஷம் பல் டாக்டரிடம் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். பண்ணையின் பெயர் போட்டது. அந்த மாசத்துக்கு ஒரு பீர்க்கம்பூ, ஒரு முழப் பெரிசு, மஞ்சள் அப்படியே கண்ணில் ஒட்டிக்கொள்கிற மாதிரி, பூவுக்குக் கீழே பிஞ்சு இருந்தது, பெண்பூ. காம்பில் உறையின் ஓரம் ஒதுங்கிக் கிடந்தது. காம்பை ஒரு பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருந்தன, பெருவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. கருக்கரிவாள் பட்டுப் பிளந்த நகம். அந்த நகத்துக்கு மஞ்சள் அரைத்து வைத்துத் துணி சுற்றியது அவள்தான். படத்தின் அடியில் சின்ன எழுத்தில் குணசீலன் என்றும், எடுத்த தேதி மகளுக்கு டைபாய்டு வந்த அதே வருஷம், அதே மாசம், பதினெட்டு என்றும் போட்டிருந்தது. நர்ஸ் பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள், அவளுக்குக் கேட்கவில்லை. பல் வலி எங்கேயோ போய்விட்டது. படம் எடுக்கவேண்டும் என்று உறையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார், எத்தனை பூவைக் கழற்றினார்களோ, எவ்வளவு நேரம் திறந்து கிடந்ததோ, வேலியிலும் கால்வாய் ஓரத்திலும் முழுக்கப் பேய்ப்பீர்க்கு. அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பூங்காவனம் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அந்த வருஷம் ஆடியில் அஞ்சலாட்சி கால்வாய்க் கரைக்குப் போய் ஒரு காய்ந்த பேய்ப்பீர்க்கை உடைத்து விதை எடுத்தாள். இந்த ஆடியில் வேலியோரம் போட்டாள். ஏகாம்பரம், "இன்னாது இது, தின்ன முடியுமா" என்று கேட்டான். "இல்ல" என்றாள். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதற்குத்தான் தண்ணீர் ஊற்றினாள், மகள் வயிற்றுப் பேரனுக்குப் பால் காய்ச்சுவதற்கும் முன்னால்.

விதை அறைக்குள் குளிர்ச்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. குழந்தைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தன. அஞ்சலாட்சி டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மணி நாலு ஐம்பது. குளிரில் மொட்டு விரியாமல் போய்விடுமோ என்று பயம். விரியத்தான் செய்யும், மொட்டுக்கு மணி தெரியும். "இது கருவரிப் பீர்க்கு" என்று யாமினி ஒரு குப்பியைக் காட்டினாள். "இந்த வருஷம் வர்ற விதையை நூறு விவசாயக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்போறோம், சாரோட கனவு இது. சார் இன்னிக்கு டெல்லில இருக்கார், இல்லேன்னா அவரே சொல்லியிருப்பார்." நூறு குடும்பம். அது அவளுக்கு முன்பே தெரியும், மகளின் போனில் பார்த்ததுதான், அதற்காகத்தான் இந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு காயில் நூறு விதைக்கு மேல் இருக்கும், கலந்துவிட்டால் போதும், நூறு ஊரில் குணசீலன் பெயர் கசக்கும். குழாயடி குழாயடியாகக் கசக்கும். இதை எத்தனை நாள் படுத்துக்கொண்டு ருசித்திருக்கிறாள். ஆனால் ருசிக்கும்போதே ஏதோ பல்லில் மாட்டும், நூறு வீட்டில் யாரோ ஒருத்தி கூட்டு வைப்பாள், ஒருவன் தட்டைத் தள்ளுவான், அவன் திட்டப்போவது குணசீலனை இல்லை, எதிரே கரண்டியோடு நிற்கிறவளைத்தான். சரி, திட்டட்டும். எனக்காக யார் நின்றார்கள். "இதுல ஒரு தமாஷான கதை இருக்கு" என்றாள் யாமினி. "ஆறு வருஷம் முன்னாடி இங்க ஒரு லேடி வேலை பார்த்தாங்க. பாவம், படிக்காதவங்க. ஒருநாள் பூவுக்குக் கவர் போட மறந்துட்டாங்க. அடுத்த வருஷம் பெரிய பெரிய கெஸ்ட் எல்லாம் சாப்பிட உட்கார்ந்து, ஒரு வாய் வெச்சதும்..." கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, ஓங்கரிப்பதுபோல நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சியின் பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணும் அதேபோல நாக்கை நீட்டினாள். "நல்லவேளை குளிர் அறையில பழைய விதை இருந்துச்சு, ஒரே வருஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு." எல்லாம் சரியாகிவிட்டது, அவளைத் தவிர. கண்ணாடி போட்ட ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "அவங்களுக்கு என்ன ஆச்சு?" "யாருக்கு?" "அந்த லேடிக்கு." யாமினி கழுத்து அட்டையைத் திருப்பிவிட்டுக்கொண்டாள். "தெரியலையே. சார் வேற எங்கயாவது வேலை வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் ரொம்ப நல்ல டைப்." அஞ்சலாட்சி மாஸ்க்குக்குள் உதட்டைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது.

டீ கொடுக்கிறார்கள் என்று கூட்டம் கலைந்தபோது அவள் கழிப்பறை பக்கம் போவதுபோல நடந்து, கொட்டகைக்குப் பின்னால் திரும்பிப் பந்தலுக்குப் போனாள். பந்தல் அப்படியே இருந்தது. கம்பி மட்டும் புதுசு. தலைக்கு மேல் கொடி, கொடி முழுக்க எண்ணெய்த்தாள் உறைகள் சின்னச் சின்ன விளக்குப்போலத் தொங்கின, வெயில் சாய்ந்து அவற்றுக்குள் புகுந்திருந்தது. நல்லாத்தான் போட்டிருக்காங்க என்று தோன்றியதும் அந்த நினைப்பைத் துப்பினாள். டப்பாவைத் திறந்தாள். ஐந்தும் பாதி விரிந்திருந்தன. கழுத்தளவில் ஒரு கொடி, அதன் பற்றுச்சுருள் ஒன்று கம்பியை விட்டு விலகித் தொங்கியது, கை தானாகப் போய் அதை எடுத்துக் கம்பியில் சுற்றிவிட்டது. "யாரும்மா அது, இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று பந்தலின் அந்தக் கோடியிலிருந்து குரல். பிறகு குரல் நின்றது. காலடி மெதுவாகக் கிட்டே வந்தது. "அஞ்சல?" மாஸ்க் போட்டிருந்தாள், வேற்றுப் புடவை, ஆறு வருஷம், எப்படித் தெரிந்தது. "சுருளை எடுத்துவிட்டதப் பாத்தேன்" என்றாள் பூங்காவனம். தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் நூல்கண்டு. அதே நூல்கண்டாக இருக்காது, ஆனால் சிவப்புத்தான். திட்டவேண்டும் என்று ஆறு வருஷமாக எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், டப்பாவை மட்டும் நீட்டினாள். பூங்காவனம் குனிந்து பார்த்தாள், மோந்துகூடப் பார்க்கவில்லை. "வேலிப் பூ." "ஆமா." "இதுக்குத்தான் வந்தியா?" "ஆமா. கூப்பிடு, ஆளுங்களக் கூப்பிடுக்கா." அக்கா என்று வந்துவிட்டது, அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிப் போட முடியவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது. "காலண்டர் பாத்தேன். உன் நகம் தெரிஞ்சுது." பூங்காவனம் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள். "சாரு என்னையப் பாத்தாரு. நான் கீழ பாத்துட்டேன். அவ்ளோதான் அஞ்சல. எனக்கும் வேல வேணுமில்ல" என்றாள். பிறகு கையைத் தூக்கி, எதிரே இருந்த பெண்பூவின் கிளிப்பை எடுத்து, உறையைக் கழற்றி, காம்பைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் இருந்தது அப்படியே. பிளந்த நகம், மஞ்சள் பூ. "போடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அஞ்சலாட்சிக்குக் காதில் வண்டு இரைந்தது. இதற்கு அவள் தயாராக வரவில்லை. எதிர்ப்பு, கூச்சல், கையைப் பிடித்து முறுக்குவது, எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள், இப்படிப் பிடித்துக்கொடுப்பதற்கு இல்லை. சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் கசக்கும்போது பதிவேட்டில் யார் பெயர் இருக்கும், பூங்காவனம் என்று இருக்கும். அது அவளுக்குத் தெரிந்துதான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குணசீலன் அன்றைக்கும் மெதுவாகப் பேசுவார், பதிவேட்டைப் புரட்டுவார், இவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள், யாமினி அதையும் ஒரு தமாஷாகச் சேர்த்துக்கொள்வாள். கடனைக் கழிக்கிறாளாம். வாயைத் திறக்காமலே கழித்துவிடப் பார்க்கிறாள். "அன்னிக்கும் நீ சொல்லல" என்றாள் அஞ்சலாட்சி, குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. ஆண்பூவை எடுத்தாள், இதழ்களைப் பின்னால் மடித்தாள், பெண்பூவில் தேய்த்தாள். எவ்வளவு மெதுவாகத் தேய்க்கிறோம் என்று பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது, நாசம் பண்ணும்போதுகூடக் கை பழைய பதத்தை விடவில்லை. மஞ்சள் தூள் ஒட்டியது. உறையை மாட்டினாள், கிளிப் போட்டாள், பூங்காவனத்தின் தோளிலிருந்து நூலை உருவிக் கட்டினாள். "இப்ப கேளுக்கா. இது எந்தப் பூன்னு உனக்குத் தெரியும், எங்கேருந்து வந்துதுன்னு தெரியும், ஏன் வந்தேன்னு தெரியும். வாயத் தொறந்து சொன்னா இந்தப் பூவக் கிள்ளிப் போட்டுடுவாங்க, ஒண்ணும் கெடாது. ஆனா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு நீ சொல்லணும். சொல்லலைன்னா நூறு வீட்டுல கசக்கும், கீழ பாத்துக்கினு நில்லு, அடுத்த வருஷம் நீயும் போ." திரும்பி நடந்தாள். ஓடவில்லை. வாசலுக்கு இருநூறு அடி இருக்கும். சொல்லமாட்டாள். அவளுக்கு வராது. சொல்லாவிட்டால் பழி முழுசாகத் தீர்ந்தது. சொல்லாமலே இருக்கட்டும். இல்லை, சொல்லட்டும். நூறு சட்டி, நூறு பேர் கரண்டியோடு. நான் திரும்பிப் போய் அதைக் கிள்ளிவிட்டால் என்ன. மாட்டேன். ஒரு அடி, இன்னொரு அடி. சொல்லேன்க்கா. சொல்லித் தொலையேன். அல்லிக் குளத்தை எட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், முதலில் ஏதோ பறவை என்றுதான் நினைத்தாள், அவ்வளவு கிறீச்சென்று இருந்தது. "யாமினிம்மா! யாமினிம்மா, ஓடியாங்க! பந்தலாண்ட வாங்க! அந்தப் பொம்பளையப் போக விடாதீங்க!"

அவள் நின்றாள். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டாள். கூட்டம் டீ டம்ளர்களோடு வந்துவிட்டது, காவலாள் அவள் முழங்கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப் போனான். அதற்குள் பூங்காவனம் வேலிப் பூ என்று மட்டும் சொல்லியிருந்தாள், யாமினிக்கு மூச்சு வாங்கியது. "யாருங்க நீங்க? ஏங்க இப்படிப் பண்ணீங்க? எத்தனை வருஷ உழைப்பு தெரியுமா?" "தெரியும், பதினோரு வருஷம் நானும் இங்க ஒழைச்சவதான், அஞ்சலாட்சி" என்றாள். "ஏன்னு அவங்களக் கேளுங்க." பூங்காவனம் நூல்கண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே பார்த்தாள். யாமினி போனை எடுத்து சாரைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டுக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். "சார், பழைய ஸ்டாஃபாம் சார், அஞ்சலாட்சின்னு, வைல்டு பூவைக் கொண்டுவந்து..." "எந்த அஞ்சலாட்சி?" அதே மெதுவான குரல், பின்னால் யாரோ சிரித்துப் பேசும் சத்தம். "அப்படி யாரும் எனக்கு ஞாபகமில்லையேம்மா." ஆறு வருஷமாக இந்த ஆளை எதிரில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள், அண்டா தேய்க்கும்போதும் அரிசி களையும்போதும் பேசிக்கொண்டிருந்தாள், எதிரில் யாருமே இருந்ததில்லை. அப்போதுதான் பூங்காவனம் போனுக்குக் கிட்டே போனாள். கீழே பார்க்கவில்லை. "பீர்க்கம்பந்தல் அஞ்சலாட்சி சார்" என்றாள், போன் எங்கோ டெல்லியில் இருப்பதுபோல உரக்கக் கத்தினாள். "உறை போட்டுட்டுப் போனாளே, அந்த அஞ்சலாட்சி. நீங்க போட்டோ எடுக்கணும்னு கழட்டச் சொன்னீங்களே. நான்தான் கழட்டனேன். இருவது பூவு கழட்டனேன். இருட்டற வரைக்கும் தொறந்து கெடந்துது. நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். பழிய அவ மேல போட்டீங்களே சார், அந்த அஞ்சலாட்சி." பின்னால் சிரித்துக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றுபோனது. "நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றது போன். கட்டாகிவிட்டது.

கண்ணாடி போட்ட அந்த அம்மா அஞ்சலாட்சியைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். யாமினி அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், காது வரைக்கும் இருந்த சிரிப்பு எங்கேயும் இல்லை. பூங்காவனம் சிவப்பு நூல் கட்டிய அந்தப் பூவைப் பிஞ்சோடு கிள்ளி, கீழே போட்டுக் குதிகாலால் நசுக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்தது, துடைக்கவில்லை. நாளைக்கு இவளுக்கு இங்கே வேலை இருக்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "போதுமா அஞ்சல?" என்று கேட்டாள். அஞ்சலாட்சி தனக்குள் தேடிப் பார்த்தாள். இந்தச் சத்தத்துக்காகத்தான் ஆறு வருஷம், இந்த வார்த்தைகளுக்காகத்தான், வந்துவிட்டன, கேட்டாகிவிட்டது, இருபது பேர் கேட்டார்கள். நாளைக் காலை குழாயடிக்கு இவர்களில் ஒருத்தரும் வரப்போவதில்லை. "போதாதுக்கா" என்றாள். பூங்காவனம் அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு மேலே பார்த்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, பூக்கள் விரிந்து முடித்துவிட்டன, அந்திப்பூச்சி ஒன்றிரண்டு வேலிப் பக்கமிருந்து வரத் தொடங்கியிருந்தன, இன்னும் முப்பது நாற்பது பெண்பூவாவது பாக்கி இருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள். உறையைக் கழற்றினாள், தேய்த்தாள், மூடினாள், விரலிலிருந்து கிளிப் வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து தேடினாள். அஞ்சலாட்சியின் கால் ஒரு எட்டு முன்னால் போனது. அதை இழுத்து நிறுத்திக்கொண்டாள். உதவ மாட்டேன். காவலாள், "வாம்மா, கேட் மூடணும்" என்றான். அவள் அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான், கடைசிப் பூவுக்கு உறையும் கிளிப்பும் ஏறும் வரைக்கும் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.